எச்.ஐ.வி.யிலிருந்து மரபணுக் கடத்தி வரை: வேலூரின் ஹீமோபிலியா சிகிச்சை வரலாறு (1986–2024)

முன்னுரை

விழுப்புரம் மாவட்டம் செஞ்சியை அடுத்த வல்லம் ஒன்றியத்துக் கிராமங்களில், தவழும் ஆண் குழந்தைக்கு முழங்கால் திடீரென வீங்கிச் சூடேறினால் முதலில் சொல்லப்படும் காரணம் சுளுக்கு. எண்ணெய் தடவி நீவி விடுவார்கள். வீக்கத்துக்குக் காரணம் ரத்தம் எளிதில் உறையாத ஹீமோபிலியா நோய் என்றால் நீவ நீவ மூட்டுக்குள் ரத்தக் கசிவு கூடும். பிறகுதான் அரசு மருத்துவமனை. அங்கிருந்து முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரிக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ அனுப்புவார்கள். இன்னும் சிலர் திருவண்ணாமலை வழியாக வேலூருக்குப் பேருந்து ஏறுவார்கள். பழைய தென்னாற்காட்டுக்காரர்களுக்கு வடஆற்காட்டின் வேலூர் நெடுங்காலமாகப் 'பெரிய ஆஸ்பத்திரி' ஊர்.

அந்த வேலூரில், கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் (சி.எம்.சி.) அதன் வளாகத்திலுள்ள குருத்தணு (ஸ்டெம் செல்) ஆய்வு மையமும் சேர்ந்து ஹீமோபிலியா 'ஏ' நோய்க்கு ஒரு மரபணு சிகிச்சையை மனிதர்களிடம் சோதித்தன. மரபணுவை உடலுக்குள் கொண்டுசேர்த்தது, எச்.ஐ.வி.யைப் பிரித்துத் திருத்திக் கட்டிய ஒரு வைரஸ். சோதனையின் முடிவுகள் 2024 டிசம்பரில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியாயின.

மரபணு சிகிச்சையின் வரலாறு பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய ஆய்வுக்கூடங்களின் கண்டுபிடிப்பு வரிசையாகவே எழுதப்படுகிறது. வைரஸ் எப்படித் திருத்தப்பட்டது என்பதை அந்த வரிசை விளக்கிவிடும். ஆனால் வேலூர் ஏன் இந்த வைரஸைத் தேர்ந்தெடுத்தது, உலகில் அதிகம் பேசப்படும் இன்னொன்றை ஏன் முதன்மையாகக் கொள்ளவில்லை என்பதற்கு அதில் விடை இல்லை. அந்தத் தேர்வு ஆய்வுக்கூடத்து வசதியைவிட அந்த மருத்துவமனையின் நாற்பதாண்டு நடைமுறையிலிருந்தே பிறந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம். எலும்பு மஜ்ஜை மாற்றில் பெற்ற தேர்ச்சி, விலையுயர்ந்த மருந்தைச் சிக்கனமாகக் கையாண்ட பழக்கம், ரத்தத்தின் வழி பரவும் வைரஸ்களோடு நேர்ந்த நேரடி அனுபவம் ஆகிய மூன்றும் இந்த முடிவில் வந்து சேர்ந்தன.

வைரஸைச் சுமைதூக்கியாக்கும் எண்ணம்

வைரஸ் என்பது புரத உறைக்குள் பொதிந்த மரபுப்பொருள். தானாகப் பெருக அதற்கு இயலாது. உயிரணுவுக்குள் நுழைந்து தன் மரபுப்பொருளை அங்கே இறக்கியாக வேண்டும். நோயை உண்டாக்கும் பகுதியை எடுத்துவிட்டு, நமக்கு வேண்டிய மரபணுவை உள்ளே வைத்தால் நுழையும் திறன் மட்டும் நமக்குப் பயன்படும். மரபணு சிகிச்சையில் வைரஸைக் 'கடத்தி' என்று சொல்வது இந்தப் பொருளில்தான்.

இதை முதலில் மனிதரிடம் முயன்றவர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபீல்ட் ரோஜர்ஸ். முயல்களுக்கு மருக்கள் உண்டாக்கும் ஷோப் வைரஸைக் கையாண்ட ஆய்வுக்கூட ஊழியர்களின் ரத்தத்தில் ஆர்ஜினின் அளவு குறைந்திருந்ததை அவர் கவனித்தார். அந்த வைரஸ் ஆர்ஜினினைச் சிதைக்கும் நொதியைத் தருகிறது என நம்பி, அவரும் உடன் பணியாற்றியோரும் 1970 வாக்கில், ஆர்ஜினின் மிகும் பரம்பரை நோய் கொண்ட ஜெர்மானியச் சகோதரிகளுக்கு அதைச் செலுத்தினார்கள். பயன் கிட்டவில்லை. 1972இல் தியடோர் ஃப்ரீட்மனும் ரிச்சர்ட் ராப்ளினும் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை, மரபணு சிகிச்சையின் வாய்ப்பையும் அவசரப்படுவதன் ஆபத்தையும் ஒருசேரப் பேசியது.

வைரஸை விருப்பப்படி திருத்த, மரபணுவை வெட்டி ஒட்டும் தொழில்நுட்பம் தேவைப்பட்டது. 1983இல் ரிச்சர்ட் மல்லிகன், டேவிட் பால்டிமோர் குழுவினர், ரெட்ரோவைரஸின் மரபணுக்களை அதன் உடலிலிருந்து பிரித்து வளர்ப்பு அணுக்களில் வைத்துவிடும் முறையை உருவாக்கினர். அந்த அணுக்கள் வைரஸின் புரதங்களைத் தரும். ஆனால் வெளிவரும் துகள், ஆய்வாளர் கொடுத்த மரபணுவை மட்டுமே சுமக்கும். ஒருமுறை நுழையலாம், மறுபடி பெருக முடியாது. இந்தப் பிரிப்புத்தான் பின்னர் வந்த ஒவ்வொரு கடத்திக்கும் அடிப்படை.

1990 செப்டம்பர் 14 அன்று அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தில் அஷாந்தி டி சில்வா என்ற 4 வயதுச் சிறுமிக்கு, நோயெதிர்ப்பு ஆற்றலை அழிக்கும் ஏ.டி.ஏ. குறைபாட்டுக்காக, ரெட்ரோவைரஸால் திருத்தப்பட்ட அவரது வெள்ளணுக்களே திருப்பிச் செலுத்தப்பட்டன. அனுமதி பெற்று நடந்த முதல் மரபணு சிகிச்சை இது. வேறு மருந்தும் உடன் கொடுக்கப்பட்டதால், பயனில் சிகிச்சையின் பங்கு எவ்வளவு என்ற கேள்வி நீடித்தது.

அடுத்து இரண்டு பேரடிகள் விழுந்தன. 1999 செப்டம்பரில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அடினோவைரஸ் கடத்தி செலுத்தப்பட்ட 18 வயது ஜெஸ்ஸி கெல்சிங்கர், உடலின் கடும் எதிர்வினையால் நான்கே நாளில் இறந்தார். பாரிஸில் அலென் ஃபிஷர், மரீனா கவஸானா-கால்வோ குழுவினர் நோயெதிர்ப்பு இன்றிப் பிறந்த ஆண் குழந்தைகளை ரெட்ரோவைரஸ் கடத்தியால் காப்பாற்றினார்கள். ஆனால் பாரிஸிலும் லண்டனிலுமாக ஐந்து குழந்தைகளுக்குப் பின்னர் ரத்தப் புற்றுநோய் வந்தது. பெரும்பாலும், கடத்தி போய்ப் பொருந்திய இடம் எல்.எம்.ஓ.2 என்ற மரபணுவுக்கு அருகில் இருந்தது. கடத்தியிலிருந்த வலுவான தூண்டுபகுதி, உறங்கிக்கொண்டிருந்த அந்த மரபணுவையும் எழுப்பிவிட்டது.

இவ்விரண்டிலிருந்தும் துறை கற்ற பாடங்கள் இரு திசைகளில் கிளை பிரிந்தன. உடல் அதிகம் எதிர்க்காத, குரோமோசோமில் பெரும்பாலும் போய் ஒட்டாத அடினோ-துணை வைரஸ் (ஏ.ஏ.வி.) ஒரு கிளை. தூண்டுபகுதியைத் தானே இழக்கும்படி திருத்தப்பட்ட, எச்.ஐ.வி.யின் குடும்பமான லென்டிவைரஸ் இன்னொன்று. வேலூர் பின்னாளில் நின்று யோசிக்க வேண்டியிருந்த கூட்டுரோடு இதுதான்.

1986: ஒரே ஆண்டில் இரு தொடக்கங்கள்

ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய வேலூர் மருத்துவமனைக்கு 1986ஆம் ஆண்டு இரு வகையில் திருப்புமுனை. இரண்டும் அப்போது ஒன்றோடொன்று தொடர்பில்லாதவையாகவே தெரிந்திருக்கும்.

முதலாவது, எலும்பு மஜ்ஜை மாற்று. மம்மன் சாண்டி தலைமையில் அவ்வாண்டில் சி.எம்.சி.யில் இந்தச் சிகிச்சை தொடங்கியது. நோயாளியின் மஜ்ஜையைக் கடும் மருந்தால் அழித்துவிட்டு, வேறொருவரின் குருத்தணுக்களைச் செலுத்தி, அவை வேர்பிடிக்கும் வரை தொற்றில்லாமல் காக்க வேண்டும். வெள்ளணுக்களே இல்லாத அந்த நாள்களைக் கடத்துவதுதான் இதில் மிகக் கடினமான பகுதி. கருவியும் மருந்தும் இருந்தால் மட்டும் போதாது. செவிலியரின் கைப்பழக்கம், நேரத்துக்கு ரத்தம் தரும் ரத்த வங்கி, காய்ச்சல் ஏறிய ஒரு மணி நேரத்துக்குள் மருந்து ஏற்றும் ஒழுங்கு ஆகியவையும் வேண்டும். தலசீமியா, ரத்தப் புற்றுநோய் போன்றவற்றுக்காகப் பல்லாண்டுகளில் திரண்ட இந்த அனுபவம் வேறெங்கும் விலைக்குக் கிடைக்காது.

இரண்டாவது, எச்.ஐ.வி. சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் பாலியல் தொழிலாளர்களிடம் ரத்த மாதிரிகள் சேகரித்தனர். சோதிக்கும் வசதி சென்னையில் அவர்களுக்குக் கிட்டவில்லை. 1986 பிப்ரவரியில் மாதிரிகளைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, நிர்மலா கணவரோடு காட்பாடிக்கு ரயிலேறி, வேலூர் சி.எம்.சி.யின் வைரஸ் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு சென்றார். ஜேக்கப் ஜான் தலைமையிலான அந்தக் கூடத்தில் ஆறு மாதிரிகள் மஞ்சள் நிறம் காட்டின. அமெரிக்காவில் மறுசோதனை செய்து உறுதியானதும், அன்றைய சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டப்பேரவையில் அறிவித்தார். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது உலகுக்குத் தெரிந்தது இப்படித்தான்.

அந்தக் காலத்தில் எச்.ஐ.வி.யால் மிகக் கொடுமையாக அடிபட்ட கூட்டங்களில் ஒன்று ஹீமோபிலியா நோயாளிகள். ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்து பிரித்தெடுத்த உறைகாரணி மருந்து வழியாக அமெரிக்க ஹீமோபிலியா நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குத் தொற்று பரவியது. உயிர்காக்கும் மருந்தே உயிர்க்கொல்லியைச் சுமந்து வந்தது. வெப்பமூட்டியும் வேதிக் கரைப்பான் சேர்த்தும் வைரஸை அழிக்கும் முறைகளும், ஆய்வுக்கூடத்து அணுக்களில் உறைகாரணியைத் தயாரிக்கும் முறையும் பிறகு வந்தன. தூய மருந்து வந்தது. விலையும் எட்டாக் கனியானது.

குறைந்த மருந்தில் நிறைந்த பயன்

ஹீமோபிலியா 'ஏ' எக்ஸ் குரோமோசோமில் உள்ள கோளாறு. தாய் சுமப்பாள்; மகன் நோயுறுவான். ஆண் குழந்தைகளில் ஏறத்தாழ 5,000க்கு ஒருவருக்கு வரும். ரத்தத்தை உறையவைக்கும் 8ஆம் காரணி இயல்பில் நூறு விழுக்காடு என்று கொண்டால், ஒரு விழுக்காட்டுக்கும் கீழே இருப்பது தீவிர வகை; 1 முதல் 5 வரை நடுத்தரம்; அதற்கு மேல் 40 வரை லேசானது. தீவிர வகையில் அடிபடாமலேயே மூட்டில் ரத்தம் கசியும். மறுபடி மறுபடி கசிந்தால் குருத்தெலும்பு அரித்து, இருபது வயதுக்குள் முழங்கால் மடங்காமல் போகும். தீவிர வகைக்கும் நடுத்தர வகைக்கும் இடையிலுள்ள சில விழுக்காடுகள்தான் ஊன்றுகோலோடு நடப்பவனையும் இல்லாமல் நடப்பவனையும் பிரிக்கின்றன.

மேலைநாடுகளில் வாரத்துக்கு மூன்று முறை உறைகாரணியை ஏற்றி இந்தக் கசிவைத் தடுத்தார்கள். அந்த அளவு மருந்து இந்தியக் குடும்பங்களுக்கு நினைத்துப் பார்க்க முடியாதது. வேலூரில் அலோக் ஸ்ரீவஸ்தவாவும் உடன் பணியாற்றியவர்களும் வேறொரு கேள்வியை எழுப்பினர்: பாதுகாப்புக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு போதும்? அறுவைசிகிச்சையின்போது வழக்கத்தைவிடக் குறைந்த உறைகாரணியை இடைவிட்டுக் கொடுத்தாலும் ரத்தக் கசிவைக் கட்டுப்படுத்த முடியும் என்று அவர்கள் 1998இல் வெளியிட்டனர். குறைந்த அளவுத் தடுப்பு சிகிச்சை என்ற கருத்து வளரும் நாடுகளில் வேரூன்ற இத்தகைய பணிகள் துணைநின்றன. உலக ஹீமோபிலியா கூட்டமைப்பின் சிகிச்சை நெறிமுறைகளில் 2012ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்புக்கும் 2020ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்புக்கும் ஸ்ரீவஸ்தவாவே முதன்மை ஆசிரியர்.

பணம் இல்லாததால் நேர்ந்த சிக்கனம் மட்டுமே என்று இதைப் படித்துவிடக் கூடாது. ரத்தத்தில் காரணி நூறு விழுக்காட்டை எட்ட வேண்டியதில்லை, சிறிதளவு நிலையாக இருந்தால் போதும் என்பது இதிலிருந்து கிடைத்த அறிவு. மரபணு சிகிச்சைக்கு இலக்கு வைக்கும்போது இதே அறிவு பின்னர் கைகொடுத்தது.

எந்த வைரஸ்?

ஹீமோபிலியாவுக்கு உலகம் முதலில் நம்பியது ஏ.ஏ.வி. வைரஸை. 1965இல் அடையாளம் காணப்பட்ட இந்தச் சிறு வைரஸின் மரபுத்தொடரை 1983இல் வெளியிட்ட மூவரில் முதன்மையானவர் இந்தியாவில் பிறந்த அருண் ஸ்ரீவஸ்தவா. 2011இல் லண்டனில் அமித் நத்வானி குழுவினர் ஹீமோபிலியா 'பி' நோயாளிகள் ஆறு பேருக்கு ஏ.ஏ.வி. வழியே 9ஆம் காரணியின் மரபணுவைக் கல்லீரலில் சேர்த்து, நீடித்த பயன் கிடைத்ததைக் காட்டினர். வேலூரும் இந்தத் திசையில் ஆய்வுகள் செய்தது. அங்கே பணியாற்றிய ஜெயந்தரன் கிரிதர ராவ் பின்னர் கான்பூர் ஐ.ஐ.டி.க்குச் சென்று ஏ.ஏ.வி. கடத்திகளை மேம்படுத்தும் பணியைத் தொடர்ந்தார்.

ஆனால் ஹீமோபிலியா 'ஏ'-வுக்கு ஏ.ஏ.வி. என்றால் மூன்று தடைகள் குறுக்கே நின்றன.

முதலாவது, இடம். ஏ.ஏ.வி. சுமக்கக்கூடிய மரபுத்தொடரின் நீளம் சுமார் 4,700 எழுத்துகள். 8ஆம் காரணியின் மரபணுவோ மிகப் பெரியது. தேவையற்ற நடுப்பகுதியை வெட்டினாலும் கிட்டத்தட்ட 4,400 எழுத்துகள் மிஞ்சும். தூண்டுபகுதிக்கு மிகக் குறைந்த இடமே எஞ்சும்.

இரண்டாவது, ஏற்கெனவே உடலில் இருக்கும் எதிர்ப்பு. ஏ.ஏ.வி. சாதாரணமாக எங்கும் உலவும் வைரஸ். அதனால் பலரிடம் அதற்கான எதிர்ப்பொருள் முன்பே உருவாகியிருக்கும். அவர்களுக்கு இந்தக் கடத்தி பயனளிக்காது. இந்திய நோயாளிகளிடம் இந்த எதிர்ப்பொருள் எவ்வளவு பரவலாக உள்ளது என்பதை வேலூர் ஆய்வாளர்களே அளந்து வெளியிட்டுள்ளனர்.

மூன்றாவது, கல்லீரல். ஏ.ஏ.வி. சிகிச்சை கல்லீரலை நம்பியது. சுத்திகரிக்கப்படாத பழைய ரத்தப் பொருள்கள் வழியே ஹெபடைட்டிஸ் தொற்றிய நோயாளிகள் நிறைந்த நாட்டில் இது பெரும் வடிகட்டி. தவிர, ஏ.ஏ.வி. கொடுத்த மரபணு குரோமோசோமில் பெரும்பாலும் ஒட்டாததால், வளரும் குழந்தையின் கல்லீரல் அணுக்கள் பெருகப்பெருக மரபணு நீர்த்துப்போகும். ஹீமோபிலியா 'ஏ'-வுக்கு 2022இல் ஐரோப்பாவிலும் 2023இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்ற 'ராக்டேவியன்' என்ற ஏ.ஏ.வி. மருந்திலும் காரணியின் அளவு ஆண்டுகள் செல்லச்செல்ல இறங்குவது பதிவாகியுள்ளது.

லென்டிவைரஸ் வழி இவற்றைத் தாண்டிச் செல்லும். அது குரோமோசோமில் நிலையாகப் பொருந்தும். பெரிய மரபணுவைச் சுமக்கும். நோயாளியின் உடலுக்குள் செலுத்தாமல் வெளியே எடுத்த குருத்தணுக்களில் மட்டும் செலுத்தலாம் என்பதால் முன்னிருந்த எதிர்ப்பொருளும் தடையாகாது. விலை ஒன்றுதான்: நோயாளியின் மஜ்ஜையைக் காலிசெய்ய வேண்டும். அதாவது, மஜ்ஜை மாற்றின் எல்லா ஆபத்துகளையும் அவர் கடக்க வேண்டும். மஜ்ஜை மாற்று அனுபவம் இல்லாத மருத்துவமனைக்கு இது நெருங்க முடியாத வழி. 1986 முதல் அதையே அன்றாட வேலையாகக் கொண்ட வேலூருக்கோ பழகிய வழி. தேர்வு இந்த இடத்தில்தான் தீர்ந்தது.

2005இல் மத்திய உயிர்தொழில்நுட்பத் துறையின் உதவியோடு பாகாயம் வளாகத்தில் அமைந்த குருத்தணு ஆய்வு மையம், பின்னர் பெங்களூரு 'இன்ஸ்டெம்' நிறுவனத்தின் அங்கமானது. மருத்துவமனைப் படுக்கையும் ஆய்வுக்கூடமும் ஒரே ஊரில் இருந்தது இந்த வழிக்குப் பொருத்தமான அமைப்பு.

எச்.ஐ.வி.யைக் கழற்றிக் கோத்த விதம்

லென்டிவைரஸ் குடும்பத்தில் மனிதருக்கு மிகவும் அறிமுகமானது எச்.ஐ.வி.தான். பிரியாமல் ஓய்ந்திருக்கும் அணுவுக்குள்ளும் நுழைய வல்லது என்பது அதன் தனித்திறம். 1996இல் லூய்ஜி நல்டினி, இந்தர் வர்மா, டிடியே த்ரோனோ முதலியோர் அதையே கடத்தியாக்கிக் காட்டினார்கள். இரண்டே ஆண்டுகளில் முறை இன்னும் பாதுகாப்பானது.

இந்தக் கடத்தி தயாராகும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். எச்.ஐ.வி.யின் மரபணுக்கள் தனித்தனி டி.என்.ஏ. வளையங்களாகப் பிரிக்கப்படுகின்றன. ஒன்றில் வைரஸின் உட்கூட்டையும் நொதிகளையும் தரும் பகுதி, இன்னொன்றில் ஆர்.என்.ஏ.வை வெளியே கொண்டுவரும் 'ரெவ்' புரதம்; மூன்றாவதில் மேலுறை. இந்த மேலுறை எச்.ஐ.வி.யினுடையது அல்ல, மாடுகளைத் தாக்கும் வேறொரு வைரஸின் மேலுறை. அதனால் பலவகை அணுக்களுக்குள் நுழையும். நான்காம் வளையத்தில் சிகிச்சை மரபணு. இவை நான்கையும் வளர்ப்புச் சிறுநீரக அணுக்களுக்குள் ஒருசேரச் செலுத்தினால், இரண்டு மூன்று நாளில் கடத்தித் துகள்கள் வளர்ப்பு நீரில் திரளும். துகளுக்குள் பொதியப்படுவது நான்காம் வளையத்தின் செய்தி மட்டுமே. நோய்க்கு வழிசெய்யும் எச்.ஐ.வி.யின் துணை மரபணுக்கள் தொடக்கத்திலேயே விலக்கப்பட்டுவிட்டன. கடத்தியின் முனையிலுள்ள தூண்டுபகுதி, அணுவின் குரோமோசோமில் பொருந்தும்போது செயலிழக்கும்படி வெட்டப்பட்டிருக்கிறது. பாரிஸின் துயரத்துக்குக் காரணமான கோளாறை நேரடியாகக் குறிவைத்த திருத்தம் இது.

எனவே இந்தத் துகளால் எய்ட்ஸ் வராது. வருவதற்குரிய உறுப்புகளே அதனிடம் இல்லை. ஆனாலும் செய்தித்தாளில் 'எச்.ஐ.வி. வைரஸால் சிகிச்சை' என்று படிப்பவருக்கு நடுக்கம் வருவது இயல்பு. மருந்து வழியே எச்.ஐ.வி. பெற்ற தலைமுறையை அறிந்த ஹீமோபிலியா குடும்பங்களிடம் இதை ஒப்புதல் படிவத்தில் ஒரு வரியாக எழுதிக் கையெழுத்து வாங்கிவிட முடியாது. உட்கார்ந்து விளக்கியாக வேண்டும்.

வேலூர் சோதனையில் பயன்பட்ட மரபணு, அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டஃபர் டோரிங், ட்ரென்ட் ஸ்பென்சர் குழுவினர் வளர்த்தது. மனித 8ஆம் காரணியை அணுக்கள் மிகக் குறைவாகவே சுரக்கும். பன்றியின் 8ஆம் காரணியை அதைவிடப் பன்மடங்கு சுரக்கும். ஆகவே மனிதக் காரணியின் சில பகுதிகளில் பன்றியின் பகுதிகளைப் பொருத்தி 'ஈ.டி.3' என்ற கலப்புக் காரணியை அவர்கள் உருவாக்கினர். அதன் பெரும்பகுதி மனிதக் காரணிதான். இதை இயக்க 'சி.டி.68' என்ற தூண்டுபகுதி சேர்க்கப்பட்டது. இது மோனோசைட், மேக்ரோஃபேஜ் வகை அணுக்களில் மட்டும் விழித்தெழும். குருத்தணு நிலையில் அடங்கியிருக்கும்.

ஐந்து பேர்

சோதனையில் 22 முதல் 41 வயது வரையிலான ஐந்து ஆண்கள் பங்கேற்றனர். அனைவரும் தீவிர ஹீமோபிலியா 'ஏ' நோயாளிகள். உறைகாரணிக்கு எதிரான எதிர்ப்பொருள் இல்லாதவர்கள். முதலில் அவர்களின் குருத்தணுக்கள் ரத்தத்திலிருந்து சேகரிக்கப்பட்டன. ஆய்வுக்கூடத்தில் கடத்தி அவற்றுக்குள் மரபணுவைச் சேர்த்தது. மஜ்ஜை மருந்தால் காலியாக்கப்பட்டதும் திருத்திய அணுக்கள் திருப்பிச் செலுத்தப்பட்டன. வெள்ளணு கடுமையாகக் குறைந்திருந்த காலம் 7 முதல் 11 நாள். தட்டணு குறைவு 1 முதல் 7 நாள்.

ஐவரும் இரு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். முதல் பிரிவின் இருவருக்கு, கடத்தி அணுக்களில் நுழைவதை ஊக்குவிக்கும் பொருள் சேர்க்கப்படவில்லை. இரண்டாம் பிரிவின் மூவருக்குச் சேர்க்கப்பட்டது. முதல் பிரிவில் 8ஆம் காரணியின் அளவு 5.2 விழுக்காடு என்றும் 1.7 விழுக்காடு என்றும் நின்றது. இரண்டாம் பிரிவில் 37.1, 19.3, 39.9. ரத்த அணுக்களில் இருந்த கடத்தியின் படிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப இந்த ஏற்றமும் இருந்தது.

எண்களைவிட முக்கியமானது நோயாளியின் அன்றாடம். இடைநிலை அளவாக 14 மாதம், ஐவருக்குமாக மொத்தம் 81 மாதம் கண்காணித்ததில் ஆண்டுக்கான ரத்தக் கசிவு விகிதம் பூஜ்யம். 1.7 விழுக்காடு மட்டும் எட்டியவருக்கும் அப்படியே. சிறிதளவு காரணி நிலையாக இருந்தால் போதும் என்ற பழைய வேலூர் அறிவுக்கு இது வேறொரு திசையிலிருந்து கிடைத்த சான்று. ஊசியில் ஏற்றும் மருந்தில் அளவு ஏறியிறங்கும். உடலே சுரக்கும்போது சிறிய அளவும் இடையறாமல் நிற்கும்.

இந்த முடிவுகளைப் பெரிதாக்கவும் கூடாது. ஐந்து பேர் என்பது சிறிய எண்ணிக்கை; 14 மாதம் என்பது குறுகிய காலம். மஜ்ஜையை அழிக்கும் மருந்து கருவளத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் இளைஞர்களிடம் முன்கூட்டியே பேச வேண்டியிருக்கும். லென்டிவைரஸ் கடத்தி முற்றிலும் ஆபத்தற்றது என்றும் சொல்ல முடியாது. மூளையைத் தாக்கும் அட்ரீனோலூக்கோடிஸ்ட்ரஃபி நோய்க்கு இதே வகைக் கடத்தியால் சிகிச்சை பெற்ற 67 குழந்தைகளில் ஏழு பேருக்கு ரத்தப் புற்றுநோய் வந்ததை 2024இல் வெளியான ஆய்வு பதிவுசெய்தது. அங்கே பயன்படுத்திய தூண்டுபகுதி மிக வலுவானது. குருத்தணுவில் அடங்கியிருக்கும் தூண்டுபகுதியை வேலூர் சோதனை கொண்டிருப்பது இந்த நோக்கில் கவனத்துக்குரியது. ஆயினும் உறுதி சொல்லக் காலம்தான் வர வேண்டும்.

விலையும் தொலைவும்

ஹீமோபிலியா 'பி'-க்கான 'ஹெம்ஜெனிக்ஸ்' மருந்துக்கு 2022இல் அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட ஒரு தவணை விலை 35 லட்சம் டாலர். 2023இல் 'ராக்டேவியன்' மருந்துக்கு 29 லட்சம் டாலர். இந்த விலையில் இந்திய அரசு மருத்துவமனை எதுவும் ஒருவருக்குக்கூட வாங்கிக் கொடுக்காது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் உறைகாரணி இலவசமாகக் கிடைக்கிறது. மரபணு சிகிச்சை அந்த ஏற்பாட்டோடு ஒப்பிட்டு மதிப்பிடப்பட வேண்டும். ஆயுள் முழுவதும் கொடுக்கும் உறைகாரணியின் செலவையும் ஒருமுறைச் சிகிச்சையின் செலவையும் எடைபோட்டால் எது மலிவு என்பது, கடத்தியை எங்கே தயாரிக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

இதற்கு ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மருத்துவமனையும் வளர்த்த 'நெக்ஸ்கார்19', லென்டிவைரஸ் கடத்தியால் வெள்ளணுக்களைத் திருத்தும் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை. 2023 அக்டோபரில் அனுமதி பெற்றது. கடத்தியை உள்நாட்டிலேயே தயாரித்ததால் அதன் விலை, அமெரிக்காவில் உள்ள இதே வகைச் சிகிச்சையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காக இருக்கிறது. சட்ட வழிமுறையும் தெளிவாகியுள்ளது: 2019இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மரபணு சிகிச்சைக்கான தேசிய நெறிமுறைகளை வெளியிட்டது.

விலையைவிடக் குறைவாகப் பேசப்படுவது கண்காணிப்பு. குரோமோசோமில் பொருந்தும் கடத்தியைப் பெற்றவரை 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்பது அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் பரிந்துரை. வல்லம் பக்கத்து இளைஞர் ஒருவர் நாளை இந்தச் சிகிச்சையைப் பெற்றால், ஆண்டுதோறும் ரத்தம் கொடுத்துப் பரிசோதிக்க வேலூருக்கு அலைய வேண்டுமா? வேலைக்காகத் திருப்பூரோ வளைகுடாவோ போய்விட்டால் யார் தேடுவது? அவரது ரத்தத்தை முண்டியம்பாக்கத்திலேயே எடுத்து, முடிவை வேலூருக்கு அனுப்பும் ஏற்பாடு இல்லாவிட்டால், பாதுகாப்புத் தரவு பெருநகரத்து நோயாளிகளோடு நின்றுவிடும்.

முடிவுரை

உலக வரலாற்றோடு சேர்த்துப் படித்தால், வேலூர் சோதனை அமெரிக்கத் தொழில்நுட்பத்தை இங்கே கொண்டுவந்த நிகழ்ச்சியாகத் தோன்றும். எமரியின் மரபணுவும் எச்.ஐ.வி. கடத்தியின் வடிவமைப்பும் வெளியிலிருந்து வந்தவை என்பது உண்மை. ஆனால் ஏ.ஏ.வி. அல்லாமல் லென்டிவைரஸ், கல்லீரல் அல்லாமல் மஜ்ஜை, இயல்பான அளவை எட்டுவது அல்லாமல் போதுமான அளவை எட்டுவது என்ற மூன்று தெரிவுகளும் வேலூரின் சொந்த அனுபவத்தில் வேர்கொண்டவை. 1986இல் தனித்தனியாகத் தொடங்கிய மஜ்ஜை மாற்றும் எச்.ஐ.வி. பரிசோதனையும் 2024இல் ஒரே சிகிச்சையில் இணைந்ததைத் தற்செயல் என்று ஒதுக்கிவிடலாம். மருத்துவமனையும் ஆய்வுக்கூடமும் ஒரே ஊரில் நாற்பதாண்டு நிலைத்து நின்றதால்தான் அந்தத் தற்செயலுக்கு இடம் கிடைத்தது என்பதை ஒதுக்க முடியாது.

இந்திய மரபணு சிகிச்சைக் கொள்கைக்கு இதிலிருந்து பெறும் பாடம் தெளிவானது. கடத்தியைத் தயாரிக்கும் ஆலைக்கு நிதி ஒதுக்குவது எளிது. மஜ்ஜை மாற்றுப் பிரிவுகளையும் மாவட்ட மருத்துவமனைகளின் ஹீமோபிலியா பிரிவுகளையும் பல்லாண்டு பராமரிப்பது கடினம். ஆனால் வேலூரின் வரலாறு காட்டுவது, முன்னது பலன் தரப் பின்னதே முதற்கண் வேண்டும் என்பதைத்தான். அரசின் நிதி அந்த வரிசையில் செல்ல வேண்டும்.